ரோஜா இலையில யாரு பவுடர் கொட்டினது? செட்டிகுளம் வராண்டாவில் ஒரு சாம்பல் நோய் விசாரணை!

பொங்கல் லீவுக்கு செட்டிகுளத்துல இருக்கிற அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பெரம்பலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மத்தவங்களுக்கு ஒரு க்ளூ... மலை மேல கையில கரும்போட நிக்கிற முருகன் இருக்கிற ஊர். இன்னொரு க்ளூ, சாம்பார்ல மிதக்கிற சின்ன வெங்காயம்!

வாசல்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அத்தை என் கையைப் பிடிச்சு வராண்டாவுக்கு இழுத்துட்டுப் போனாங்க. கிரில் போட்ட வராண்டா. அதுல வரிசையா 7 தொட்டி. எல்லாமே ரோஜா. "வீட்டுக்கு வெள்ளை அடிச்சப்போ சுண்ணாம்பு தெறிச்சிருச்சுடா. துணி வெச்சு தொடைச்சேன். நாலு நாள்ல மறுபடியும் வந்துருச்சு. சுண்ணாம்பு எப்படிடா தானா வரும்?"

கேள்வியிலயே பதில் இருக்கு. தூசி, சுண்ணாம்பு, கோலமாவு எதுவா இருந்தாலும் துடைச்சா போயிடும். துடைச்ச இடத்துலயே சில நாள்ல திரும்ப வந்தா, அது உயிருள்ள ஒண்ணு. கிட்டப் போய்ப் பார்த்தேன். கொழுந்து இலையெல்லாம் வெள்ளை வெள்ளையா திட்டு. ஓரம் சுருண்டு, இலையே கொஞ்சம் முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. மொக்கோட காம்புல கூட திருநீறு பூசின மாதிரி. நம்ம ஊர்ல இதுக்கு அழகா ஒரு பேர் வெச்சிருக்காங்க, சாம்பல் நோய்.

அத்தைக்கு இருந்த கவலை வேற. பங்குனி உத்திரத்துக்கு மலைக்கோயிலுக்குத் தன் வீட்டு ரோஜாவை தானே பறிச்சு மாலை கட்டிக் கொண்டு போகணும்னு நேர்ந்திருக்காங்க. பொங்கல்ல இருந்து பங்குனி உத்திரத்துக்கு ரெண்டரை மாசம் கூட முழுசா இல்லை. "கடையில வாங்கின பூவைப் போட்டா அது நேர்த்திக்கடனாடா?" என்று கேட்டாங்க. நான் என்ன சொல்ல முடியும்? போனை எடுத்தேன்.

யூடியூப் காட்டிய ஊதா கூடாரம்

'இலையில் வெள்ளைப் பொடி, பூக்கும் செடி, வீட்டுக்குள்ளே' என்று தேடினால், முதல்ல வந்து விழுந்த வீடியோக்கள்ல பாதியில ஒரே காட்சி. ஊதா கலர் லைட், பளபளன்னு ஒரு கூடாரம், உள்ளே அஞ்சு விரல் இலையோட செடி. ஆமா மக்களே, கஞ்சா! கனடால 2018 அக்டோபர்ல சட்டப்படி அனுமதிச்சுட்டாங்க. அமெரிக்காவுல பல மாநிலங்கள்லயும் வீட்டுக்குள்ள வளர்க்கலாம். அங்கே அறைக்குள்ள வளர்க்கிறவங்களுக்குப் பெரிய தலைவலிகள்ல ஒண்ணு இதே வெள்ளைப் பொடி. அதனால இணையத்துல இதுக்கான 'டிப்ஸ்' அவங்ககிட்ட இருந்துதான் கொட்டுது.

இங்கே அந்தச் செடி கதை வேற. 1985-ம் வருஷத்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல கஞ்சா செடி வளர்த்தாலே 10 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம். தொட்டியில ஒரே ஒரு செடிதானேன்னு சட்டம் பார்க்காது. ஸோ, அந்த டாபிக் அங்கேயே க்ளோஸ்.

ஆனா அவங்க சொல்ற ஒரு விஷயம் மட்டும் என்னை நிறுத்திச்சு. செடி பூக்க ஆரம்பிச்ச பிறகு எதையும் தெளிக்க அவங்க பயப்படுறாங்க. தெளிச்சது பூவுக்குள்ள போய் தங்கிடும், அப்புறம் அது நேரா மனுஷன் நுரையீரலுக்குப் போகும். நம்ம ரோஜாவுக்கும் இதே சிக்கல்தானே? அத்தை வீட்டுப் பூ சாமி கழுத்துக்குப் போகும், மிச்சம் தலைக்குப் போகும், சில வீட்டுல குல்கந்தா வயித்துக்கும் போகும். மருந்து எதுங்கிற கேள்விக்கு முன்னாடி, செடியோட எந்தப் பகுதியில, எந்த நேரத்துலங்கிற கேள்வி வந்துடுது.

அவங்க டிப்ஸ்ல நாம எடுத்துக்கவே கூடாதது ஒண்ணும் இருக்கு. கந்தகத்தைச் சூடாக்கி ஆவியா பரவ விடுறது. வெளிநாட்டுல பெரிய பசுமைக்குடில்ல ஆள் இல்லாத ராத்திரியில அதுக்குன்னே இருக்கிற கருவியில செய்யுற வேலை அது. 'அடுப்புல கரண்டியில கந்தகம் வெச்சா போதும்'னு யாராச்சும் ஷார்ட்ஸ்ல சொன்னா நம்பிடாதீங்க. கந்தகம் தீப்பிடிச்சா வர்ற சல்பர் டை ஆக்ஸைடு மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். ஆஸ்துமா இருக்கிறவங்க வீட்டுல இருந்தா நேரா ஆஸ்பத்திரிதான்.

மழையே வேண்டாம் இதுக்கு!

பூஞ்சைன்னா என்ன நினைப்போம்? மழைக்காலம், ஈரம், சொதசொதன்னு இருந்தா வரும். ரொட்டியில வர்றது, செருப்புல வர்றது எல்லாம் அப்படித்தான். சாம்பல் நோய்ப் பூஞ்சை இந்த விதியைத் தலைகீழாக்கும். இலை மேல தண்ணி நின்னா அதோட வித்துகள் சரியா முளைக்காது, பாதி வீணாப்போயிடும். அதுக்கு வேண்டியது காஞ்ச இலை, சுத்தியிருக்கிற காத்துல மட்டும் ஈரப்பதம். கூடவே 20-லிருந்து 27 டிகிரி வரைக்குமான இதமான சூடு, கொஞ்சம் நிழல்.

இப்ப மார்கழி, தை மாசத்து பெரம்பலூரை நினைச்சுப் பாருங்க. மழை ஓய்ஞ்சிருக்கும். பகல்ல இதமான வெயில், ராத்திரியில பனி. அத்தை வராண்டாவை அதோட சேருங்க. மேலே கூரை, அதனால மழையும் இல்லை, பனி நேரா இலையில சொட்டவும் இல்லை. வெயில் காலையில அரை மணி நேரம் எட்டிப் பார்க்கும். 7 தொட்டியும் தோளோட தோள் ஒட்டி நிக்குது. அந்தப் பூஞ்சைக்கு இதைவிட நல்ல ஏ.சி ரூம் கிடைக்குமா?

இன்னொண்ணு, இது செடியைக் கொல்ற கொலைகாரன் இல்லை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன். வெள்ளையா தெரியுறது இலை மேல படர்ந்த நூல்களும் அது வெச்சிருக்கிற வித்துகளும். உள்ளே இலையோட மேல்தோல் செல்லுக்குள்ள சின்னச் சின்ன உறிஞ்சியை இறக்கி, செடி சமைச்ச சாப்பாட்டைக் குடிக்கும். உயிரோட இருக்கிற இலையிலதான் அதுக்குப் பொழப்பு. அதனால செடி சாகாம இளைச்சுப்போகும். மொக்கு விரியாது, விரிஞ்சாலும் கோணலா விரியும். ஒரு வித்து இலையில விழுந்து முளைச்சு, அது அடுத்த வித்துகளை உண்டாக்க ஒரு வாரம் போதும். அத்தை துடைச்ச நாலாம் நாளே திரும்ப வந்ததுக்குக் காரணம், துணி மேலே இருந்த நூலைத்தான் எடுத்துச்சு, உறிஞ்சியை எடுக்கலை. அதே துணியால ஏழு செடியையும் தொடைச்சதுல, பக்கத்துத் தொட்டிக்கு டோர் டெலிவரியும் ஆகியிருக்கு.

கொல்லையில வெண்டைச் செடியும் பூசணிக் கொடியும் இருந்துச்சு. "அதுக்கும் ஒட்டிக்குமா?" என்று அத்தை பதறினாங்க. ஒட்டாது. ரோஜாவுக்கு வர்ற பூஞ்சை வேற, பூசணியிலயும் வெண்டையிலயும் வர்றது வேற. பார்க்க எல்லாம் ஒரே வெள்ளைப் பொடிதான், ஆனா ரோஜாவோடது அதுங்க வீட்டுக்குப் போறதில்லை. ரோஜாவுலயும் பூசணியிலயும் ஒரே நேரத்துல வெள்ளை வந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்குப் பரப்பிச்சுன்னு அர்த்தமில்லை. ரெண்டுக்கும் பிடிச்ச சீதோஷ்ணம் வந்திருக்குன்னு அர்த்தம்.

மாமா சொன்ன பட்டறை லாஜிக்

நான் போனும் கையுமா இதெல்லாம் வாசிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தப்போ, திண்ணையில உட்கார்ந்திருந்த மாமா ஒரே வரியில முடிச்சார். "வெங்காயத்துக்கு எதுக்குடா பட்டறை போடுறோம்?"

பட்டறை தெரியாதவங்களுக்கு... சின்ன வெங்காயத்தை அறுவடை பண்ணி அப்படியே ரூம்ல குவிச்சு வைக்க மாட்டாங்க. தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, பக்கவாட்டுல தட்டியோ மூங்கிலோ வெச்சு, ரொம்ப அகலமாக்காம நீளவாக்குல கட்டி, மேலே கூரை போடுவாங்க. கீழேயும் காத்து, பக்கத்துலயும் காத்து. நடுவுல இருக்கிற வெங்காயம் வரைக்கும் காத்து போகணும்ங்கிறதுதான் மொத்த டிசைனும். மருந்து கிடையாது, மெஷின் கிடையாது, விலை ஏறுற வரைக்கும் மாசக்கணக்குல வெங்காயம் தாங்கும். இத்தனை வருஷமா பட்டறை போடுற வீட்டுல, ரோஜாவை மட்டும் கிரில்லுக்குள்ள அடைச்சு வெச்சிருந்தாங்க. ஏன்னு கேட்டா, "வெளியே வெச்சா ஆடு தின்னுடும்டா!"

அன்னிக்கு சாயங்காலமே 7 தொட்டியும் வெளியே வந்துச்சு. கிழக்குப் பார்த்த சுவர் ஓரம், தொட்டிக்குத் தொட்டி ரெண்டு அடி இடைவெளி, காலையிலிருந்து அஞ்சு மணி நேரமாவது நேரடி வெயில். உங்களுக்கு ஃபிளாட் பால்கனிதான் கதின்னா, தொட்டிகளை ஒட்டி வைக்காம, வெயில் வர்ற கைப்பிடிச் சுவர் பக்கமா நகர்த்துங்க. ஒரு சின்ன டேபிள் ஃபேனை செடிக்கு நேரா வைக்காம பக்கவாட்டுல திருப்பி வெச்சாலே வித்தியாசம் தெரியும். துவைச்ச துணியைச் செடிக்குப் பக்கத்துல காயப்போடாதீங்க. அதுலேர்ந்து கிளம்புற ஈரக்காத்து நேரா இவங்களுக்குத்தான் போகும்.

அடுத்தது கவாத்து. சுருண்ட கொழுந்து, வெள்ளை பூத்த காம்பு, விரியாத மொக்கு எல்லாத்தையும் வெட்டினோம். வெட்டுறப்போ செடியை உலுக்காதீங்க. கவரை இலைக்குக் கீழே பிடிச்சுக்கிட்டு, வெட்டினதை அதுலயே விழவெச்சு, வாயைக் கட்டித் தூரப் போடணும். அத்தைக்குக் கண்ணு கலங்கிருச்சு, மொக்கு மட்டுமே இருபதுக்கு மேல இருக்கும். ஆனா அந்த மொக்கு ஒண்ணுகூட மாலைக்குத் தேறியிருக்காது. ரோஜாவை வெட்டினா ஏறக்குறைய ஒன்றரை மாசத்துல புதுப்பூ வரும். கணக்கு போட்டுப் பார்த்தோம், பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி ஒரு பூ சுத்து கண்டிப்பா உண்டு. 

இதுல ஒரு கண்ணி இருக்கு. ரோஜா சாம்பல் நோய்க்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடே கொழுந்து இலை. முத்தின இலையை அது அவ்வளவா சீண்டாது. வெட்டினதும் செடி முழுக்கத் துளிர் விடும், அது பூஞ்சைக்கு வாழையிலை போட்ட விருந்து. அதனால கவாத்தோட வேலை முடியலை, துளிர் வர்ற அன்னிக்குத்தான் ஆரம்பிக்குது. கடலைப் புண்ணாக்கு கரைசலை வாராவாரம் ஊத்துற அத்தையோட பழக்கத்துக்கும் தடை போட்டோம். தழைச்சத்து கூடினா இலை பசபசன்னு மெத்துன்னு வரும், பூஞ்சைக்கு இன்னும் வசதி. மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு கைப்பிடி மக்கின தொழுவுரம் போதும்.

நான் பண்ண சொதப்பல்

இந்த இடத்துல ஒரு வாக்குமூலம். மறுநாள் மத்தியானம் 12 மணிக்கு, ஊர்ல கிடைச்ச வேப்பெண்ணெயை சோப்புத் தண்ணியில கலந்து சரமாரியா அடிச்சேன். அளவு? கண்ணளவு. சாயங்காலம் பார்த்தா மிச்சமிருந்த நல்ல இலையெல்லாம் ஓரம் கருகி, தீக்குச்சி காட்டின மாதிரி ஆயிருந்துச்சு. எண்ணெய்ப் படலமும் உச்சி வெயிலும் சேர்ந்தா இதுதான் நடக்கும். வேப்பெண்ணெய் நல்ல மருந்துதான். ஒரு லிட்டருக்கு 3-லிருந்து 5 மில்லி, நல்லா கலங்குற அளவுக்குச் சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு. இந்த மூணையும் நான் மீறியிருந்தேன். அத்தை ஒண்ணும் சொல்லலை. மாமாதான், "போன்ல மணி காட்டலையா?" என்று கேட்டார்.

சொதப்பலோட அடுத்த பார்ட் இன்னும் மோசம். கந்தகத்தை இனி உடனே அடிக்க முடியாது! சாம்பல் நோய்க்குக் காலங்காலமா இருக்கிற மருந்து கந்தகம். 1845-ல இங்கிலாந்துல மார்கேட் ஊர்ல டக்கர்ங்கிற தோட்டக்காரர், கண்ணாடிக் குடில்ல இருந்த திராட்சையில இந்த வெள்ளைப் பொடியைப் பார்த்தார். சில வருஷத்துல அது பிரான்ஸுக்குத் தாவி, 1854 வாக்குல அந்த நாட்டு ஒயின் உற்பத்தியையே படுக்கவெச்சிருச்சு. கடைசியில கைகொடுத்தது கந்தகத் தூள்தான். இன்னிக்கும் உரக்கடையில 'நனையும் கந்தகம்', இல்லைன்னா 'வெட்டபிள் சல்பர்'னு கேட்டா தருவாங்க. லிட்டருக்கு 2 கிராம். ஆனா எண்ணெய் அடிச்ச செடியில ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் பட்டா இலை வெந்துடும். 32 டிகிரிக்கு மேல வெயில் இருக்கிற நேரத்துலயும் அதே கதைதான். மாசி பிறந்தா பெரம்பலூர்ல அந்தச் சூடு சாதாரணம், அப்புறம் விடியக்காலையைத் தவிர வேற நேரமே கிடையாது.

பூசணி, பாகல், பீர்க்கு, வெள்ளரி வகையறாவுக்குக் கந்தகமே வேண்டாம். அந்தக் குடும்பத்து இலைக்கு அது ஒத்துக்காது, கருகிடும். வெண்டைக்குத் தாராளமா அடிக்கலாம். மிளகாய் தனி கேஸ். அதுல வர்ற சாம்பல் பூஞ்சை இலைக்கு உள்ளே போய் வளரும். மேலே மஞ்சள் திட்டு தெரியும், வெள்ளைப் பொடி அடிப்பக்கம் இருக்கும். இலையைத் திருப்பிப் பார்க்காம 'சத்துக்குறைவு'ன்னு உரம் போட்டு ஏமாறுறவங்க நிறைய. தண்ணியில கழுவுறது, துடைக்கிறது எல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது.

பால் ஊத்தின கதை

கந்தகம் இல்லை, எண்ணெய் போயிருச்சு. மிச்சம்? ஃப்ரிட்ஜைத் திறந்தோம்.

சிரிக்காதீங்க, இது பாட்டி வைத்தியம் மட்டுமில்லை. பிரேசில் நாட்டு விஞ்ஞானி வாக்னர் பெட்டியோல் 1999-ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. பசுமைக்குடில்ல சுக்கினிச் செடிக்கு வந்த சாம்பல் நோய்க்குப் பசும்பாலைத் தண்ணியில கலந்து தெளிச்சுப் பார்த்தார். 10 சதவிகிதமோ அதுக்கு மேலயோ பால் கலந்து வாரத்துக்கு ஒருமுறை தெளிச்சதுல, ரசாயன மருந்துக்குச் சமமா நோய் அடங்குச்சு. பாலோட புரதம் வெயில் படுறப்போ பூஞ்சைக்கு ஆகாததா மாறுதுங்கிறது ஒரு விளக்கம். அதனால இதை மட்டும் நிழல்ல அடிக்கக் கூடாது, காலை இளவெயில்ல அடிக்கணும்.

1 பங்கு பால், 9 பங்கு தண்ணி. ஊசிப்போன பால் வேண்டாம். இலையோட ரெண்டு பக்கமும் நனையணும். கொழுந்து விட ஆரம்பிச்சதிலிருந்து அத்தை வாரத்துக்கு ரெண்டு தடவை அடிச்சாங்க. பாலைக் கூட்டினா நோய் சீக்கிரம் போகும்னு 3 பங்கு ஊத்திடாதீங்க, இலை மேல வேற பூஞ்சை வந்து உட்கார்ந்து நாறும். புளிச்ச மோரைத் தண்ணியா கரைச்சு அடிக்கிற பழக்கம் நம்ம விவசாயிகள்கிட்ட ரொம்ப நாளா இருக்கு, அதுவும் இதே வழிதான். ஆப்ப சோடா பத்தியும் கேட்பீங்க. ஒரு தடவை, ரெண்டு தடவை ஓகே. திரும்பத் திரும்ப அடிச்சா சோடியம் தொட்டி மண்ணுல சேர்ந்துக்கிட்டே போகும். நிலத்துல கழுவிட்டுப் போயிடும், தொட்டியில எங்கே போகும்?

பால் அடிக்காத நாள்கள்ல வெறும் தண்ணி. காலையில 7 மணிக்குள்ள ஹோஸ் வெச்சு இலையை நல்லா கழுவினாலே வித்துகள் போயிடும். சாயங்காலம் மட்டும் கழுவாதீங்க. ராத்திரி முழுக்க இலை ஈரமா இருந்தா ரோஜாவுக்குக் கரும்புள்ளி நோய் வரும். அது ஈரத்தை நம்பிப் பொழைக்கிற பூஞ்சை. ஒருத்தனைத் துரத்தப்போய் இன்னொருத்தனுக்குப் பாய் விரிச்ச கதை ஆகிடும். 

மொக்கு நிறம் காட்ட ஆரம்பிச்சதும் எல்லாத் தெளிப்பையும் நிறுத்திட்டோம். பாலும் கிடையாது. விரியுற பூவுல எது பட்டாலும் கறை, வாடை. எண்ணெய் பட்டா இதழ் ஓரம் பழுப்பாகும், கந்தகம் பட்ட பூவைத் தலையில வெச்சா சிலருக்கு அரிக்கும். அதுக்குள்ள இலையைக் காப்பாத்தியிருந்தா பூவுக்கு மருந்தே தேவைப்படாது. 

கொல்லையில பூசணி இலைக்கு அத்தை மருந்தடிக்கக் கிளம்பினப்போ மட்டும் நான் தடுத்தேன். வெள்ளை பூத்த இலை மேல மஞ்சள் கலர்ல குட்டி வண்டு ரெண்டு மூணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இலையைத் தின்கிற பூச்சின்னு நினைச்சு நசுக்கிடுவோம். ஆனா இலியிஸ்ங்கிற மஞ்சள் பொறிவண்டு வகையோட சாப்பாடே இந்தச் சாம்பல் பூஞ்சைதான். அசுவினியை அது தேடிப் போகாது, பொடியை மேய்ஞ்சுட்டுப் போகும். அதுங்க வேலை பார்க்கிற கொடியில நாம கையை வைக்காம இருந்தாலே போதும்.

இவ்வளவு செஞ்சும் அடங்கலைன்னா, இல்லை இது சாம்பல் நோய்தானான்னு டவுட்டுன்னா, நோய் வந்த கிளை ஒண்ணைக் காகிதத்துல சுத்தி எடுத்துட்டு வேளாண் அறிவியல் மையத்துக்குப் போங்க. பெரம்பலூர்காரங்களுக்கு வாலிகண்டபுரத்துல இருக்கு. பிளாஸ்டிக் கவர்ல போட்டு பஸ்ல கொண்டு போனா, போய்ச் சேர்றதுக்குள்ள இலை வெந்து நோயே தெரியாது.

மாசி கடைசியில அத்தை வீடியோ கால் பண்ணாங்க. 7 செடியில 6 தளதளன்னு சிவப்புக் கொழுந்தோட நிக்குது. ஒண்ணு, நான் வேப்பெண்ணெய் அபிஷேகம் பண்ண செடி, மொட்டையா நின்னு இப்பதான் ரெண்டு துளிர் விட்டிருக்கு. மொக்கு எண்ணிட்டாங்களாம், நாப்பத்தி மூணு. கேமராவைத் திருப்பிக் காட்டினப்போ, தொட்டிகளைச் சுத்தி மூங்கில் தட்டியில இடுப்பளவுக்கு ஒரு அடைப்பு. பழைய வெங்காயப் பட்டறையைப் பிரிச்சு மாமா கட்டினதாம். காத்து நல்லா உள்ளே போகுது. ஆடு வெளியே நின்னு பார்த்துக்கிட்டு இருக்கு.